கையில் இரும்பு வேண்டாம்

தமிழ்மொழிக்குப் பதினைந்து வயது. அவளுக்கு வலிப்பு வரும். முதலாவதை யார் கேட்டாலும் சொல்லலாம், இரண்டாவதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்பது அவள் அம்மா தேவானை போட்ட சட்டம். நாளைக்குக் கல்யாணம், காட்சி என்று வரும்போது வினையாகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

எட்டாவது படிக்கும்போது வகுப்பிலேயே ஒரு தடவை வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவளுக்குச் சைதாப்பேட்டை வீட்டின் ஒற்றை அறையும் டிவியும்தான். ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரையை வேளை தவறாமல் போடச் சொன்னார். தூக்கம் கெடக் கூடாது, தண்ணீரிலும் உயரத்திலும் தனியாக விடாதீர்கள் என்றார். விளையாடக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. அது தேவானை தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது.

அவள் சேர்த்துக்கொண்ட இன்னொன்று, ஒரு சாவிக்கொத்து. ஆற்றங்கரையில் இருந்த பழைய வீட்டுச் சாவிகள். வீட்டை இடித்து வருஷங்களாகிவிட்டன. அவை திறக்க இனி ஒரு பூட்டும் இல்லை. ஆனால் நல்ல கனமான இரும்பு. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்க வேண்டும் என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுரோட்டில் ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் வண்டிச் சாவியை நீட்டுவார்கள். விழுந்தவரின் விரல்கள் தானாக மடங்கி அதைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வலிப்பும் தானாக நிற்கும். பேர் மட்டும் சாவிக்குப் போகும்.

மே மாதம் மயிலாப்பூரில் ஒரு மாதா கோயில் பள்ளி மைதானத்தில் கோடை முகாம் தொடங்கியது. அடையாறிலும் தி.நகரிலும் இப்படி நடத்தும் இடங்களில் கேட்கிற பணத்துக்கு ஆட்டோவைத்தான் விற்க வேண்டும் என்பான் அப்பா சேட்டு. இங்கே பேருக்கு ஒரு கட்டணம்; மதியச் சோறும் மோரும் அதிலேயே அடக்கம். ஓய்வு பெற்ற ஃப்ளோரா டீச்சர் நடத்தினார். விளையாட்டுக்கு வால்டர் சார். சேட்டு தேவானையிடம் கேட்காமலே மகளைச் சேர்த்துவிட்டு வந்தான். அவள் அன்றைக்கு அவனோடு பேசவில்லை. மறுநாள் காலையில் சாவிக்கொத்தை மகளின் பைக்குள் போட்டு, யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். வெளியே போனால் போதும் என்று தமிழ்மொழியும் செய்துகொடுத்தாள்.

த்ரோபால் அவளுக்கு நன்றாக வந்தது. கை நீளம். பந்தைப் பிடித்த வேகத்திலேயே, எதிர்ப்பக்கம் ஆள் இல்லாத மூலையைப் பார்த்து எறிந்துவிடுவாள். கடைசி நாள் ஆழ்வார்பேட்டையிலிருந்து வரும் அணியோடு போட்டி. வால்டர் சார் அவளை அணியில் போட்டார். வீட்டுக்கு வெளியே அவளுக்கென்று யாரோ ஓர் இடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எது போனாலும் அதை விடுவதாக இல்லை அவள்.

ஒரு ராத்திரி கரண்ட் போய், புழுக்கத்தில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் மைதானத்தில் விழுந்தாள்.

என்ன நடந்தது என்று பிறகு ஆஸ்வின் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவன் அதே அணியில் ஆடுகிறவன், சாந்தோம் பையன், வாய் ஓயாது. ஆளுக்கொரு பக்கம் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தார்களாம். வால்டர் சார் தன் பைக் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினாராம். அவள் கண்விழித்தபோது சாவி இன்னும் கையிலேயே இருந்தது. அதன் பல் கிழித்து ரத்தம் கசிந்திருந்தது. பிள்ளைகள் எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

தேவானை சமையல் வேலையைப் பாதியில் விட்டு வந்து சேர்ந்தாள். இரண்டு அம்மாக்கள் அதற்குள் போன் செய்து, அந்தப் பெண் இருந்தால் எங்கள் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்றிருந்தார்கள். இந்த வருஷம் ஓய்வெடுக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஃப்ளோரா டீச்சர் தன்மையாகத்தான் சொன்னார். தேவானை உடனே மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எய்ந்திருடி. நாலு பேரு பாக்கறாங்கோ."

"பாக்கட்டும்," என்றாள் தமிழ்மொழி. மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "மிஸ், எனுக்கு வலிப்பு கீது. முன்னாடியே சொல்லல, அது தப்பு. இப்போ சொல்லிட்டேன். ஆனா நான் போவ மாட்டேன்."

"பிள்ளைங்க பயப்படறாங்கம்மா."

"இன்னா செய்றதுன்னு தெரியாம பயப்படறாங்கோ. நான் காட்டறேன்."

சொன்னவள் அங்கேயே மல்லாந்து படுத்தாள். தேவானை தலையில் கை வைத்துக்கொண்டாள். படுத்தபடியே தமிழ்மொழி அதிகாரம் செய்தாள். பக்கத்தில் கிடக்கிற கல்லையும் கட்டையையும் நகர்த்து. தலைக்கு அடியில் துணி வை. கையைக் காலைப் பிடிக்காதே. வாயில் எதையும் வைக்காதே, தண்ணீர்கூட ஊற்றாதே. ஒருக்களித்துத் திருப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்சைக் கூப்பிடு. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அம்மாவுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்லியிருந்தாள். கேட்டுக்கொண்டது ஒருத்திதான்.

முதலில் ஆஸ்வின் வந்தான். திருப்பத் தெரியாமல் உருட்டிவிட்டான். "நான் இன்னா சிலிண்டரா?" என்று கேட்டாள். சுவரோரம் சிரிப்பு கிளம்பியது. அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆஸ்வின் தானே நோயாளியாகப் படுத்து நாக்கைத் தள்ளிக் காட்டி ஓர் உதை வாங்கினான். எல்லாம் முடிந்ததும் அவள் எழுந்து, வால்டர் சாரிடம் அவர் சாவியை நீட்டினாள்.

"இது பைக்குக்கு சார். எனுக்கு வோணாம்."

அவர் வாங்கிக்கொண்டு, காயத்துக்குப் போட மருந்து எடுத்துவரப் போனார். ஃப்ளோரா டீச்சர் அந்த இரண்டு அம்மாக்களுக்கும் அப்போதே போன் செய்தார். இந்தப் பெண் இருப்பாள், உங்கள் பிள்ளையை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம் என்றார். மறுநாள் இரண்டு பிள்ளைகளும் வரவில்லை. அதில் ஒருவன் மோருக்காகத் திரும்பி வந்துவிட்டான்.

கடைசி நாள் சாயங்காலம் பெற்றவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தேவானை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், சாவிக்கொத்து மடியில். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது தமிழ்மொழி விழுந்தாள்.

கூட்டம் எழுந்தது. ஆஸ்வினும் இன்னும் இருவரும் அதற்குள் அவளை ஒருக்களித்துத் திருப்பியிருந்தார்கள். ஒரு பெண் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தாள். மற்றவர்கள் கைகோத்து வளையமாக நின்றார்கள். சாவியோடு ஓடி வந்தவர்களில் முதல் ஆள் தேவானை.

"ஆன்ட்டி, சாவி வேணாம்," என்று ஆஸ்வின் தரையிலிருந்தே சொன்னான். "போன்ல டைம் பாருங்க. அதுதான் உங்க வேலை."

தேவானை கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனைப் பார்த்தபடி நின்றாள். ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை.

தமிழ்மொழி பள்ளி வராந்தாவில் நன்றாகத் தூங்கி எழுந்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். புதிதாக ஒரு கீறலும் இல்லை. அப்புறம்தான் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டாள். தோற்றுவிட்டோம் என்றான் ஆஸ்வின்.

"நான் படுத்தா நீங்களும் படுத்துக்கினீங்களா?"

படமெடுக்க எல்லோரும் நின்றபோது, நீ ஓய்வெடு என்று ஃப்ளோரா டீச்சர் சொன்னார். அவள் காதில் வாங்காமல், மண் ஒட்டிய சுடிதாரோடு போய் நடுவில் நின்றாள். கடற்காற்றில் மேசை மேல் இருந்த சான்றிதழ்கள் பறந்தன. மேலே வைக்கக் கனமாக ஏதாவது இருக்கிறதா என்று டீச்சர் கேட்க, தேவானை இடுப்பிலிருந்த கொத்தை எடுத்து வைத்தாள்.

சைதாப்பேட்டை பஸ் கிளம்பும் நேரத்தில்தான் தேவானைக்கு அது ஞாபகம் வந்தது. ஐயோ, சாவி என்று எழுந்தாள். ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு, தமிழ்மொழி குறுக்கே கையை நீட்டி வழியை மறித்தாள்.

"குந்தும்மா," என்றாள். "அவங்களுக்கு யூஸாவும்."