மீர்ஷாம் பைப்பைச் சுரண்டினேன்

திருச்சியில் பைப்பில் புகை பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர், பொன்மலை ரயில்வே பணிமனையில் நான் லேத்தில் நின்று இரும்பு கடைந்த காலத்தில் எனக்கு ஃபோர்மேனாக இருந்தவர். அவரை இன்றைக்கும் சார் என்றுதான் கூப்பிடுகிறேன். இருப்பதே இரண்டு பேர், ஒற்றுமையாக இருக்க வேண்டாமா? கிடையாது. முப்பது வருஷமும் சண்டைதான்.

பைப் எதில் செய்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் சண்டை. நான் பிரையர் கட்சி. பிரையர் என்பது வெளிநாட்டுப் புதர்ச்செடி ஒன்றின் வேர்முண்டு. நல்ல கெட்டி, லேசில் எரியாது. பிடிக்கப் பிடிக்க உள்ளே கரி படிந்து ஓடு மாதிரி கட்டிக்கொள்ளும். அந்தக் கரிதான் மரத்தைக் காப்பாற்றும், புகைக்கு ருசியும் கொடுக்கும். அளவுக்கு மேல் தடித்துப்போனால் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். மக்காச்சோளக் கட்டையில் செய்த பைப்பும் வைத்திருந்தேன். நாலு மாதத்தில் அடி ஓட்டையாகிவிட்டது. களிமண் பைப் ஒன்று கிடைத்தது. விரலைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

சாரிடம் இருந்தது வேறு தினுசு. வெளியே பிரையர், உள்ளே மீர்ஷாம் என்கிற வெள்ளைக் கல்லில் மெல்லிய உள்சுவர். கல் என்று பேர்தானே தவிர நகத்தால் கீறினாலே கோடு விழும். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மரவாடை வராது, புகையிலையின் ருசி மட்டும் சுத்தமாக வரும் என்பது சாரின் கட்சி. "உறையூர்ச் சுருட்டை உதிர்த்துப் போட்டாக்கூட இதுல நாக்கு எரியாதுப்பா" என்பார். எனக்கோ அதைப் பார்த்தாலே எரிச்சல். முழுக்க மீர்ஷாமாக இருந்தால் நாளாக ஆகத் தேன் நிறத்துக்கு மாறும் அழகாவது உண்டு. முழுக்க மரமாக இருந்தால் கீழே விழுந்தாலும் பிழைக்கும். இது இரண்டுங்கெட்டான். டீக்கடையில் சாரின் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்லியிருக்கிறேன். "உனக்கு வாய் ஜாஸ்தி, காது கம்மி" என்று சிரிப்பார்.

அந்தப் பைப் சாருக்கு அவர் மனைவி வாங்கிக் கொடுத்தது. ரயில்வே பாஸில் இருவரும் கல்கத்தா போனபோது, அந்த அம்மா கடைக்காரரிடம் பேரம் பேசி வாங்கினார்களாம். அந்த அம்மா காலமாகி நாலு வருஷமாகிறது. டாக்டர் புகையிலையை நிறுத்தச் சொல்லிவிட்ட பிறகும் சார் பைப்பை விடவில்லை. வெறும் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார்.

இந்த வருஷம் மகள் வந்து, தனியாக இருந்தது போதும் என்று அவரைப் பெங்களூருக்கே அழைத்துப்போக முடிவு செய்தாள். ரயிலுக்கு மூன்று நாள் இருக்கும்போது சார் அந்தப் பைப்பைக் கர்சீப்பில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"வெளிய மட்டும் பாலீஷ் போட்டுக் குடுப்பா. உள்ள துணியால துடைச்சாப் போதும். கத்தி கித்தி வைக்காத."

"சரி சார்" என்றேன்.

மறுநாள் காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடிப் போர்ஷனின் பால்கனியில் உட்கார்ந்து பாலீஷ் போட்டேன். வெளியே பளபளவென்று வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் அடியில் கரி திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. பாக்கெட் கத்தியை எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. முப்பது வருஷமாக என் பைப்பைச் சுரண்டிப் பழகிய கை. இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் கரியோடு சேர்ந்து வெள்ளையாக ஒரு சில்லு என் மடியில் விழுந்தது.

ஐயோ என்று கத்திவிட்டேன். உள்சுவரில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்து, அடியிலிருக்கும் மரம் தெரிந்தது. சில்லை எடுத்து ஒட்டலாம் என்றால் அது கைபட்டவுடனே மூன்றாக உடைந்தது.

மனைவி ஓடிவந்து பார்த்தாள். "இது சாரோடது இல்ல?"

"ஆமா."

"அவர் உள்ள கை வைக்கக் கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்புறம் என்ன? இப்பவே போயி உண்மையைச் சொல்லிடுங்க."

சொல்லியிருக்கலாம். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் ஜங்ஷன், அங்கிருந்து பொன்மலை. ஆனால் எனக்குப் பயம். திட்டுவார் என்ற பயம் இல்லை. திட்டமாட்டார் என்ற பயம். அவரிடம் அந்த அம்மாவின் பொருள் என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் தினமும் கையில் இருக்கிறது. அதை உடைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? நாளை சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தோன்றியது.

போனில் தேடினேன். எவனோ ஒரு வெள்ளைக்காரன் வீடியோவில் வழி சொன்னான். சாக்பீஸ் பொடியை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பூசி, காயவைத்துத் தேய்த்தால் மீர்ஷாம் மாதிரியே ஆகிவிடுமாம். சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை. முட்டைக்கு எங்கே போவது? எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விடும்போதே கீழ்வீட்டு மாமி போட்ட முதல் நிபந்தனை அதுதான். முட்டை ஓடுகூட இந்த வாசல்படி தாண்டக்கூடாது.

"அந்த மாமிக்குத் தெரிஞ்சா நாம பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்" என்றாள் மனைவி. அதைக் கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினேன். காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மாம்பழச் சாலைக்குப் போய், ஒரு கடையில் முட்டை வாங்கி அங்கேயே உடைத்து, வெள்ளைக்கருவை மட்டும் காலி சிரப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு திரும்பினேன். மாடிப்படியில் காலை வைத்தேன், மாமி வெளியே வந்தார்.

"கையில என்ன கொண்டு வரேள்?"

"இருமல் மருந்து மாமி."

"யாருக்கு இருமல்? நேத்திக்கு ஒருத்தரும் இருமலையே!"

பாட்டிலுக்குள் அது வழவழவென்று ஆடுகிறது. அப்போது மாடியிலிருந்து என் மனைவி லொக் லொக்கென்று இருமினாள். "எனக்குத்தான் மாமி" என்றாள். நான் மேலே போனதும், "என்னையும் பொய் சொல்ல வச்சுட்டீங்க. இதோட சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

பூசினேன். மொட்டைமாடி வெயிலில் வைத்து, மாமி வடாம் எடுக்க வரும்போதெல்லாம் வேட்டியால் மறைத்துக்கொண்டு காவல் இருந்தேன். காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சு. மறுநாள் மத்தியானம் எமரி ஷீட் என்கிற உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். தேய்த்துக்கொண்டு வரும்போது விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வேறொரு குழி விரலில் தட்டுப்பட்டது. மிளகு அளவுதான் இருக்கும். அது என் வேலை இல்லை, பழசு. சரி, இதுவும் கிடக்கட்டும் என்று மிச்சமிருந்த குழைவில் அதையும் அடைத்துவிட்டேன். பணிமனையில் எந்த உருளையின் உள்பக்கத்திலும் நான் ஒரு வடுவை விட்டதில்லை. விரலை விட்டால் கண்ணாடியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வெள்ளை மட்டும் புத்தம் புதுசாகப் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். காபி டிகாக்‌ஷனைப் பஞ்சில் தொட்டு ஒற்றினேன். பழைய சுவர் எது, என் சுவர் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. பயம் போய்க் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது என்று இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் சார் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சார் பைப்பை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அடேயப்பா! கடையில வாங்குன அன்னிக்குக்கூட இப்படி இல்லப்பா" என்றார்.

அப்பாடா என்று காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் சுண்டுவிரலைப் பைப்புக்குள் விட்டார். விரலை மெதுவாகச் சுற்றினார். நிறுத்தினார். மறுபடி அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் சுற்றினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளே உற்றுப் பார்த்தார்.

"இங்க ஒரு குழி இருக்குமேப்பா."

"இருந்துச்சு சார்" என்றேன். "அடைச்சிட்டேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. கத்தி, சில்லு, முட்டை, டிகாக்‌ஷன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாரின் விரல் பைப்புக்குள்ளேயே இருந்தது.

"அது அவ குத்துனது" என்றார் கடைசியில். "வாங்கிட்டு வந்த அன்னிக்கு, உள்ள என்ன வெள்ளையா இருக்குன்னு கொண்டை ஊசியால குத்திப் பாத்துட்டா. நான் கத்துன கத்துல ரெண்டு நாள் எங்கூடப் பேசல. அவ போனதுக்கப்புறம், பேப்பர் படிக்கிறப்ப விரல் தானா அங்க போயி உக்காந்துக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் புத்தி மட்டும் இன்னமும் லேத்திலேயே நின்றது.

"சார், அந்த இடம் எனக்கு நல்லாத் தெரியும் சார். விளிம்புலேருந்து அரை விரக்கடை. ஊசி குடுங்க, அதே அளவுக்குத் திரும்ப எடுத்துக் குடுத்துடுறேன்."

சார் என்னைப் பார்த்தார். கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ எடுத்தா அது உன் குழிதானேப்பா" என்றார்.