மாமா கொண்டு வந்த மவுத்பீஸ்

மாமா அமெரிக்காவிலிருந்து வந்தபோது அம்மாவுக்கு சென்ட், அப்பாவுக்கு ஷேவிங் செட், எனக்கு ஒரு மவுத்பீஸ். கிளாரினெட்டின் உச்சியில் செருகி வாயில் வைத்து ஊதுகிற கறுப்புத் துண்டு அது. என் வகுப்புப் பெண்களுக்கெல்லாம் வெளிநாட்டு மாமாக்கள் பொம்மையும் வாட்சும் கொண்டு வருவார்கள். எனக்கு வாய்த்த மாமா இப்படி.

அவர் அம்மாவின் தம்பி. சிகந்திராபாத் லாலாகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தார். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மாமா ரயில்வே இன்ஸ்டிட்யூட் பேண்டில் கிளாரினெட் கற்று, பிறகு அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, Y2K அமளியில் விமானம் ஏறிவிட்டார். போகும்போது கிளாரினெட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்து, ஒரு டிசம்பரில் கிறிஸ்துமஸ் லீவு என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வருஷம் சர்ச்சில் கிறிஸ்துமஸ் கீத ஆராதனையன்று ஒரு பாட்டின் நடுவில் ஒரு சரணம் முழுக்க நான் தனியாக வாசிக்க வேண்டும். ஆர்கன் கிடையாது, பாட்டு கிடையாது, நான் மட்டும். அந்த ஒரு சரணத்துக்காக செப்டம்பரிலிருந்து நான் ஊதிய ஊதலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஜன்னலைச் சாத்தப் பழகியிருந்தார்கள்.

அம்மா சும்மா இருப்பாளா? கொயர் பிராக்டீஸில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டாள். "என் தம்பி அமெரிக்காவுலேருந்து வாங்கியாந்த மவுத்பீஸ்லதான் இந்த வருஷம் வாசிக்கப் போறா. சாதாரண சாமான் இல்ல, பாருங்க!"

அந்த சாமானில் சத்தமே வரவில்லை என்பதுதான் விஷயம். ரீட் என்பது ஒரு மெல்லிய நாணல் சீவல். அதை மவுத்பீஸின் தட்டையான முகத்தில் வைத்து ஒரு பட்டையால் இறுக்கவேண்டும். நுனியில் மட்டும் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். இடைவெளியும் ரீட்டின் கெட்டியும் ஒத்துப்போனால் காற்று நாதமாகும். ஒத்துப்போகாவிட்டால் காற்று காற்றாகவே வெளியே போகும். பழைய மவுத்பீஸில் தேனாக ஒலித்த அதே ரீட் புதியதில் புஸ் என்றது. கன்னம் வலிக்க ஊதினால் வாத்து மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றுவிடும்.

மாமா என் ரீட்டுகள் ஐந்தையும் டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்தி, இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்தார். பிறகு அவரே மாட்டி ஊதினார். அவருக்கும் புஸ்.

"இதுக்கு வாய் அகலம். இளசா ரெண்டாம் நம்பர் ரீட் வேணும். நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் மூணாம் நம்பர், கெட்டி."

"அங்கேயே ஒரு டப்பா வாங்கியாந்திருக்கலாமில்ல?" என்றாள் அம்மா.

"தோணலக்கா," என்றார் மாமா, டம்ளரைப் பார்த்துக்கொண்டே.

சிகந்திராபாத் கடைக்கு ஓடினோம். கடை பாய் கல்லாவை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "தீன் நம்பரிச் ஹை. ஹோனா தோ லேலோ, நை தோ நக்கோ." ஊரில் மூன்றாம் நம்பர்தான் இருக்கிறது, வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு. நடையைக் கட்டினோம்.

"பழசுலயே வாசிக்கிறேம்மா," என்று கெஞ்சினேன்.

"வாயை மூடு. எவ்ளோ ஆசையா வாங்கியாந்திருக்கான்! மூலையில போட்டா அவன் மனசு என்ன பாடுபடும்? ஊத ஊதப் பழகிடும்."

அன்று சாயந்திரம் அப்பா ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஃபீலர் கேஜ் கொண்டு வந்தார். விசிறிபோல விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள் அவை. எது எவ்வளவு கனம் என்று அதிலேயே பொறித்திருக்கும். என்ஜின் பாகங்களுக்கு நடுவே இடைவெளி பார்க்கிற அதை அப்பா மவுத்பீஸின் நுனியில் நுழைத்துப் பார்த்தார். பழையதை விடப் புதியதில் இரண்டு தகடு அதிகம் போயிற்று.

"கால் மில்லிமீட்டர்கூட இல்ல," என்றார். "ஆனா அதான் வில்லங்கம்." இதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஃபிட்டர் மகளுக்கு இது போதாதா? ஒன்றோடொன்று பொருந்தாத எதையும் தேய்த்தால் பொருந்திவிடும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அப்பா வீட்டிலேயே கண்ணாடித் துண்டின்மேல் எமரித் தாளை விரித்து எத்தனையோ சாமான்களைத் தேய்த்து நேராக்கியிருக்கிறார். ரீட் உட்காரும் தட்டை முகத்தைக் கொஞ்சம் தேய்த்தால் ரீட் கீழே இறங்கும், இடைவெளி குறையும், சத்தம் வரும், அம்மாவுக்கும் சந்தோஷம், மாமாவுக்கும் சந்தோஷம். யோசனை என்னவோ சரிதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அம்மா கொயருக்கு, அப்பா ஷிஃப்டுக்கு, மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு கச்சிபௌலிக்கு. அவர் கம்பெனியின் இங்கத்து ஆபீஸில் ஏதோ வேலை என்று தினமும் காலையில் கிளம்பிவிடுவார். நான் எமரியை விரித்துத் தேய்த்தேன். கறுப்புப் பொடி கொட்டியது, தீக்குச்சி வாசம் வந்தது. கேஜை நுழைத்தேன், இன்னும் தேய்த்தேன். கடைசியில் பழையதற்குப் போன அதே தகடு கச்சிதமாகப் போனபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரீட்டை வைத்து ஊதினேன். ஐயோ, அந்த அலறலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ரீட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் வெயில் தெரிந்தது. என் கை ஆடி ஆடித் தேய்த்ததில் தட்டை முகம் முதுகு வளைந்துபோயிருந்தது. அப்பாவின் கை வேறு, என் கை வேறு என்பது அப்போதுதான் உறைத்தது.

அழுது முடித்த பிறகு மூளை வேலை செய்தது. செத்த மவுத்பீஸைப் பழைய சாக்ஸுக்குள் திணித்துப் பெட்டிக்கடியில் தள்ளினேன். அதோடு வந்த வெள்ளிப் பட்டையையும் பளபளக்கும் மூடியையும் பழையதில் மாட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் அமெரிக்கா.

"எப்படி இருக்கு?" என்று மறுநாள் மாமா கேட்டார்.

"பழகிடுச்சு மாமா."

"ஹவ்?" என்றார். அப்படியா என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு. அவ்வளவுதான்.

கீத ஆராதனையில் என் சரணம் வந்தது. என் பழைய மவுத்பீஸும் மூன்றாம் நம்பர் ரீட்டும் என்னைக் கைவிடவில்லை. தொட்டவுடன் நாதம் எழுந்தது. மெதுவாக ஊதினாலும் உடையவில்லை, மேல் சுரத்திலும் கீச்சிடவில்லை. கொயர் வரிசையில் நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷம் நான் செய்த குற்றமெல்லாம் எனக்கே மறந்துபோயிற்று.

முடிந்ததும் சர்ச் வாசலில் கேக் கொடுத்தார்கள். அம்மா பாஸ்டரின் மனைவி ஐயரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். "சத்தத்தைக் கேட்டீங்களா? எல்லாம் அமெரிக்கா மவுத்பீஸ்! இருங்க, காட்டுறேன்." கிளாரினெட்டை நோக்கிக் கையை நீட்டினாள். மூடியைக் கழற்றினால் தீர்ந்தது கதை. உள்ளே இருக்கும் பழைய மவுத்பீஸின் மேல்பக்கம் முழுக்கப் பல் பட்ட பள்ளம்.

அதற்குள் மாமா குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார். மூடியைக் கழற்றி ஒரு கணம் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். திரும்ப மூடிவிட்டார். "ஈரமா இருக்குக்கா, தொடாதே. கெட்டுப்போயிடும்," என்று சொல்லிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"நீ திரும்பிப் போனதும் இதே மாதிரி இன்னொண்ணு வாங்கி அனுப்பு தம்பி."

"சரிக்கா."

அமெரிக்கா போய்வந்த ஆளையே ஏமாற்றிவிட்டேன் என்ற கர்வத்தில் இரண்டு துண்டு கேக் தின்றேன்.

மார்ச்சில் விஷயம் உடைந்தது. மாமாவுக்கு அங்கே நவம்பரிலேயே வேலை போய்விட்டது. லீவும் இல்லை, திரும்பிப் போவதும் இல்லை. இஸ்திரிச் சட்டையோடு தினமும் கச்சிபௌலியிலும் மாதாப்பூரிலும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கோ, இந்தக் கலாட்டாவில் இனி மவுத்பீஸைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒரே நிம்மதி. அப்படி ஒரு ஜென்மம் நான்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் மனது கேட்காமல் மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"முதல் சுரத்துலயே தெரிஞ்சுபோச்சு. அத்தனை வருஷம் நான் கடிச்ச மவுத்பீஸ். என் பல்லு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

சிரிப்பு நின்றது. "உங்கம்மா மூஞ்சியைப் பாத்தேன். அமெரிக்காவுலேருந்து வந்தது ரெண்டுமே, நானும் அந்த மவுத்பீஸும், உருப்படியா இருக்குன்னு நெனச்சிட்டிருந்தா. வேலை போனதை மறைச்சிட்டு நின்ன நான் எந்த வாயால சொல்லுவேன்?"

அன்று அந்த சர்ச் வாசலில், அத்தனை பேர் நடுவில், பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்றே நான் நினைத்திருந்தேன்.