பொட்டு வைக்கக் கழற்றிய மூடி

"ரம்ப மேசைக்குப் பூஜை போட்டோம். பிளேடில் பொட்டு வைக்க மூடியைக் கழற்றினோம்." சென்ற ஆயுதபூஜையன்று என் நாட்குறிப்பில் உள்ள வரிகள் இவை.

வேப்பந்தட்டையில் உள்ள என் சிறிய பட்டறைக்காக அந்த மேசையை அரியலூரில் வாங்கினேன். பலகையைத் தள்ளும் கட்டையையும் வாங்கச் சொன்னார் கடைக்காரர். கூட வந்த அக்காள் கணவர் சிரித்தார்.

"பத்து வெரலு எதுக்குடா இருக்கு, மாப்ள?"

கட்டையை விட்டுவிட்டு இன்னொரு பிளேடு வாங்கினேன்.

விஜயதசமியன்று முதல் பலகையை மச்சான்தான் அறுத்தார். மூடியில்லாத பிளேடில் பலகை சிக்கித் துள்ளியது. மேசையில் தெறித்த சிவப்பைக் குங்குமம் என்றே முதலில் நினைத்தேன். துண்டான அவருடைய இரண்டு விரல்களில் ஒன்றை மட்டுமே மரத்தூளில் தேடி எடுக்க முடிந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அதை ஒட்ட முடியாது என்றார்கள்.

"எல்லாத்தையும் நோட்டுல எழுதுவியே, எந்தெந்த வெரலு போச்சுன்னு அதையும் எழுதிக்கடா" என்றாள் அக்கா.

எழுதினேன்.

இப்போது தள்ளுகட்டை இல்லாமல் நான் அறுப்பதில்லை. இனிப் பொட்டும் மூடியின் மேல்தான்.

மறுநாள் பிளேடில் மூடி இல்லைதான்; ஆனாலும் பூஜை முடிந்ததும் அதைத் திரும்ப மாட்டியதாகவே எனக்கு நினைவு. "அது பெஞ்சுலயேதான்டா கெடந்துச்சு" என்கிறார் மச்சான். நாட்குறிப்பில் அதுபற்றி ஒரு வரியும் இல்லை. மாட்டினேனா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.