கிணற்றின் மேல் விரித்த கீற்று

திருச்சியில் குடியிருக்கும் நாங்கள், திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் மாமனார் விட்டுச்சென்ற வீட்டைக் கோடை விடுமுறைக்கு மட்டுமே திறப்போம். கொல்லையில் தரையோடு தரையாக ஒரு கிணறு. ஒருமுறை வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது, வேப்பிலை விழுந்து தண்ணீர் கெடாதிருக்கத் தென்னங்கீற்றுகளால் அதை மூடிவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

அடுத்த கோடையில் ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கினோம். நான் பெட்டியை உள்ளே வைப்பதற்குள், இரண்டு வயது மகன் கொல்லைக்கு ஓடிவிட்டான். பின்னாலேயே போய்ப் பார்த்தால், புழுதி மூடிய அந்தக் கீற்றின் மேல் நின்று குதித்துக்கொண்டிருக்கிறான்! பாய்ந்து அவனை வாரி எடுத்தேன். காய்ந்த கீற்று நொறுங்கிக் கிடந்தது. அடியில் ஒரு பழைய கதவு தெரிந்தது.

எங்கள் சாவியை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா ஓடி வந்தார்.

"நடுங்காத தாயி, கீத்தைத் தூக்கி அடியில கதவைப் போட்டது நாந்தான். போன மாசம் என் வெள்ளாடு உள்ள போகப் பாத்துச்சு. ஏத்தா, கெணத்துக்குப் பாய் விரிச்சிட்டுப் போயிருக்கியே, யாரு வந்து படுக்க?"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று முழுவதும் பையனை இடுப்பை விட்டு இறக்க மனம் வரவில்லை.

இப்போது கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டோம். என்றாலும் ஊருக்குப் போனதும் பையனைப் பேச்சியக்காவிடம் கொடுத்துவிட்டு, கொல்லைவரை நான் பார்த்து வந்த பிறகே இறக்கிவிடச் சொல்கிறேன். கிணற்றை மூடுவதில்லை; அது கண்ணுக்குத் தெரியட்டும். இலை விழுந்தால் விழட்டும், அள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.