முதுகு காட்டிய ஃபிட்டர் வாத்தியார்

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் இருந்தேன். ஐ.டி.ஐ. வாத்தியார்களுக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கற்றுக்கொடுத்தேனா, தெரியாது. மதிப்பெண் தாளைப் பிழையில்லாமல் நிரப்பினேன்.

தேசிங்கு வல்லக்கோட்டைக்காரர். பதினைந்து வருடம் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், அதை விட்டுவிட்டு வாத்தியாராகத் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். செயல்விளக்கத் தேர்வில் தேறினால் வேலை நிரந்தரம். முதல் தடவை தோற்றுவிட்டார். மறுபடியும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தோற்கடித்தவன் நான். ஃபைல் எனும் அரத்தைப் பிடித்து இரும்பை ராவிக் காட்டும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார். 'முகம் வகுப்பை நோக்கி இருக்க வேண்டும்' என்ற வரிக்குப் பத்து மதிப்பெண். பூஜ்யம் போட்டேன். அறுபது வேண்டிய இடத்தில் ஐம்பத்தைந்தில் நின்றார்.

"அடுத்த வாட்டி திரும்பி நில்லுங்க தேசிங்கு, போதும்."

"திரும்பி நின்னா பசங்களுக்கு வராது சார்."

"உங்களுக்கு மார்க்கு வந்தா சரி" என்றேன். அப்போது அது எனக்கு நல்ல பதிலாகத்தான் பட்டது.

இரண்டாவது தேர்வில் சொன்னபடி முகத்தைக் காட்டி நின்றார். இடது காலை முன்னால் வைத்து, வலது கையில் கைப்பிடியைப் பிடித்தார். எதிரில் நின்ற பன்னிரண்டு மாணவர்களும் பார்த்தபடியே செய்தார்கள். எட்டுப் பேர் வலது காலை நீட்டி, ஃபைலை இடது கையில் பிடித்திருந்தார்கள். எதிரில் நிற்பவரின் இடது கால் நம் வலது காலுக்கு நேராகத்தானே இருக்கும்! அவர் திருத்தத் திருத்த இன்னும் குழம்பினார்கள்.

தேசிங்கு என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"மார்க்கு போனா போவட்டும் சார். டேய், எல்லாரும் என் தோளுக்குப் பின்னால வாங்கடா. ஒண்ணா ரோட்ல நடந்து போற மாரி நில்லுங்க. நான் வெக்கிற காலையே நீங்களும் வைங்க."

இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு பேரும் சரியாக நின்றார்கள்.

நானும் ஒரு காலத்தில் ஃபிட்டர் வாத்தியார்தான். வருடா வருடம் முதல் வாரம் முழுக்க "இடது டா, இடது!" என்று கத்தியிருக்கிறேன். மாணவர்களுக்கு இடம் வலம் தெரியவில்லை என்று அறிக்கைகூட எழுதியிருக்கிறேன்.

மதிப்பெண் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'பொருந்தாது' என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் தொட்டதில்லை. அதில் டிக் போட்டால் அந்த வரியை நீக்கிவிட்டு மீதியை நூற்றுக்குக் கணக்கிட வேண்டும் என்பது விதி. போட்டேன். முகம் பற்றிய வரி போகத் தொண்ணூறுக்கு ஐம்பத்தைந்து; நூற்றுக்கு அறுபத்தொன்று வந்தது.

"என்னய்யா, முதுகைக் காட்டினவருக்குப் பாஸா?" என்றார் மையத்தின் முதல்வர்.

மேஜையிலிருந்த ஒரு ஸ்கேலை அவரிடம் கொடுத்தேன். இன்னொன்றை வலது கையில் பிடித்து, இடது காலை முன்னால் வைத்து எதிரில் நின்றேன்.

"நான் செய்யறதையே செய்யுங்க சார்."

இடது கையில் பிடித்து வலது காலை நீட்டினார். குனிந்து தன் காலையும் என் காலையும் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

தேசிங்கு அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?" என்றார்.

"சொல்லுங்க."

"நீங்க மாடல் கிளாஸ் எடுக்க சொல்லோ பின்னால நின்னு பார்த்தேன். வைஸ் உங்க முழங்கைக்கு மேல கீது. ஒரு பலகை போட்டு நின்னீங்கன்னா தோள் வலிக்காது."

தோள் வலிப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது என் பாடக்குறிப்பில் மூன்றாவது வரி. மறுநாள் பலகையை அவரே கொண்டுவந்து போட்டார். ஒரு வாத்தியாரை மாணவன் நிற்கும் இடத்தில் நின்று மதிப்பிட வேண்டும் என்பதை அதன் மேல் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.