நான் தள்ளி நட்ட வேலி

பிள்ளைகளே, என்னை நினைத்து நானே அருவருத்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லுகிறேன்.

நீர்வேலியில் எங்களுக்குப் போதுமான வாழைத்தோட்டம் இருந்தது. ஆனாலும் வருடாவருடம் வேலி அடைக்கும்போது என் கண் பக்கத்துக் காணிக்கே போகும். அது கந்தையா அண்ணையின் காணி. அவர் புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம், வேலியில் உக்கிய கதியால் தடிகளைப் பிடுங்கி, புதியவற்றை ஒரு முழம் அவர் பக்கம் தள்ளி நட்டேன்.

திரும்பி வந்தவர் வேலியைப் பார்த்தார், பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் அந்த ஒரு முழத்தில் வாழைக்குட்டி வைக்கக் கிடங்கு வெட்டினேன். மண்வெட்டி எதிலோ மெத்தென்று இறங்கியது. புழு நெளியும் நாய்ப்பிணம்! நாற்றம் தாங்காமல் ஓங்காளித்தேன்.

கந்தையா அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ரை நாய், தம்பி. போன கிழமை புத்தூருக்குப் போக முதல் என்ரை காணிக்குள்ளைதான் தாட்டனான். இப்ப உம்முடைய காணிக்குள்ளை கிடக்குது. நீரே வைச்சிரும்.”

“அண்ணை, நான்...”

“கதைக்காதையும். முதலிலை கையைக் கழுவும்.”

எத்தனை தரம் கழுவியும் அன்று சோறு இறங்கவில்லை. நாயைவிட நானே நாறுவதுபோல் இருந்தது. நாயை மூடிவிட்டு, பின்னேரமே கதியால்களைப் பழைய இடத்தில் நட்டேன்.

இன்றும் அதே அளவு காணிதான். வேலிக்கு அப்பால் பார்ப்பதை விட்டபின், சாப்பிடுகிற சோறு நிம்மதியாக இறங்குகிறது.