உப்புப் பார்க்கும் உத்தியோகம்

1. டிரங்க் கால்

"சுந்தரம், சபாபதி சார் வர்றார். மூணு நாள் உங்க லைன்லதான் இருப்பார். வேற எதுல வேணா கோட்டை விடு, சாப்பாட்டுல மட்டும் விட்டுடாதே."

மெட்ராஸ் ஆபீஸிலிருந்து வந்த டிரங்க் காலில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அப்போது நான் ஒரு பம்ப்செட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. தேனியில் லாட்ஜ் வாசம். போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரைக்கும் என் லைன். வருசநாட்டுப் பக்கமும் போவேன், ஜீப் ஒத்துழைத்தால்.

சபாபதி சார் எங்கள் சேல்ஸ் மேனேஜர். வியாபாரத்தில் புலி. ஆனால் நாக்கு அதைவிடப் பெரிய புலி. ரசம் சரியில்லை என்று திருச்சியில் ஒரு ரெப்பையே மாற்றிவிட்டார் என்று கம்பெனியில் ஒரு கதை உலவியது. பொய்யாகத்தான் இருக்கும். இருந்தாலும் யாரும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை.

எனக்குக் கவலை தந்தது ரசம் அல்ல. அவர் வருகிற காரணம். தேனியில் ஒரு பெரிய கடைக்காரர், கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் டீலர்ஷிப்பைத் தனக்கே தர வேண்டும் என்று கேட்டிருந்தார். கண்ணாடி போட்ட ஷோரூம், சுழல் நாற்காலி, வாசலில் வேன். அப்படிக் கொடுத்தால் கம்பத்தில் பல வருடமாக எங்கள் டீலராக இருந்த மீரான் ராவுத்தருக்குக் கடை இல்லை. அவர் கடையோ ஒரு சின்ன அறை. மோனோபிளாக் மோட்டார்கள் தரையில், ஃபுட்வால்வுகள் சாக்கில், இம்பெல்லர்கள் ஆணியில். யார் பார்த்தாலும் காயலான் கடை என்றுதான் நினைப்பார்கள். சபாபதி சார் நேரில் பார்த்து முடிவு சொல்லப் போகிறார்.

ராவுத்தரை அந்தப் பக்கத்து வழக்கப்படி நான் மாமா என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். அந்தக் கடை போகக்கூடாது என்று எனக்கு இருந்த ஆசையை மறைத்து என்ன பயன்? அதனால் சாப்பாட்டுப் பொறுப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டேன்.

2. நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எப்படி

இளைய தலைமுறைக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். புது ஊரில் இறங்கியதும் நல்ல ஹோட்டல் எது என்று லாட்ஜ்காரரிடம் கேட்காதீர்கள். அவருக்கு ஒரு மச்சினன் இருப்பான், அவன் ஒரு கடை வைத்திருப்பான். பஸ் கண்டக்டரிடமும் கேட்காதீர்கள். அவருக்கு எங்கே ஓசியோ அங்கேதான் ருசி. மாற்றலாகி வந்த, கல்யாணமாகாத பேங்க் கிளார்க் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அந்த ஆள் வந்த புதிதில் எல்லாக் கடையிலும் சாப்பிட்டு வயிறு கெட்டு, கடைசியில் ஒரே ஒரு கடையில் நிலைத்திருப்பார். அதுதான் கடை. என் லைனில் எல்லா ஊரிலும் எனக்கு அப்படி ஒரு பேங்க் நண்பர் உண்டு.

தண்ணீர்ச் சமாச்சாரம் வேறு. அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறிக் குமுளிக்குப் போனால் கேரளா, அங்கே பார் உண்டு. அந்தி சாய்ந்தால் "தேக்கடி ஏரி பாக்கப் போறோம்" என்று கிளம்புகிறவர்களில் பாதிப்பேர் ஏரியைப் பார்த்ததே கிடையாது. எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனாலும் தொழில் என்று வந்தால் அதுவும் தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்ததும் குடிக்க என்ன என்று கேட்கிற பாரைவிட, சாப்பிட என்ன என்று கேட்கிற பார் நல்ல பார்.

இவ்வளவு ஞானத்தோடு சபாபதி சாரை வரவேற்றேன். முதல் நாள் தேனியில் இட்லி. "துணி வாசனை வருதேய்யா" என்று தட்டைத் தள்ளினார். மதியம் போடியில் கோழிக் குழம்பு. சரக்கு மாஸ்டரையே வெளியே கூப்பிட்டார்.

"ஏன்யா, சீரகத்தை வறுத்தியா, கருக்குனியா?"

மாஸ்டர் கரண்டியோடு நின்று, "கூட்டம் சாஸ்தி சார், லேசா அடிபிடிச்சிருச்சு" என்று ஒத்துக்கொண்டார். எனக்கோ மானம் போயிற்று. ஆனால் சபாபதி சார் சொன்னதில் தப்பில்லை. குறை இருந்தால் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்தால் சொல்லாமல் இருக்க மாட்டார். மறுநாள் கம்பம்.

3. கம்பத்தில் மதியம்

அது நோன்பு மாதம். கம்பத்தில் நல்ல பிரியாணிக் கடைகள் பகலில் மூடியிருக்கும். ராவுத்தர் வீட்டில் எல்லோரும் நோன்பு. அவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று, உத்தமபாளையத்திலேயே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாளே ராவுத்தர் லாட்ஜுக்குப் போன் போட்டுவிட்டார்.

"என்ன மாப்ளே, சாரைக் கிளப்புக் கடைக்குக் கூட்டிட்டுப் போறீகளாமே? எங்க ஊருக்கு வந்த மனுசன் கடையில கை நனைச்சா நான் எப்படித் தெருவுல நடக்குறது? வீட்ல ஆக்கச் சொல்லிட்டேன்."

"மாமா, நீங்க எல்லாரும் நோன்பு..."

"நோன்பு எங்களுக்கு. அவுகளுக்கு என்ன?"

ஆடிக் காற்று கணவாய் வழியாக இறங்கி ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது. கண்ணில் மண்ணோடு வீட்டுக்குள் போனோம். பாயில் வெள்ளைத் துணி விரித்து, ராவுத்தரே செம்பில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவ வைத்தார். பிரியாணி, தால்சா, தயிர் வெங்காயம். வாசனை தெருமுனை வரை போயிருக்கும். எங்கள் இரண்டு பேருக்குத்தான் தட்டு. எச்சில் கூட்டி விழுங்காமல் காலையிலிருந்து இருக்கிற மனிதர், உலர்ந்த உதட்டோடு பரிமாறினார்.

முதல் வாய் வைத்தேன். உப்பு. சாதாரண உப்பு இல்லை, ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்ட மாதிரி உப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சீரகம் கருகியதற்கே சரக்கு மாஸ்டரை வெளியே இழுத்த ஆள். இங்கே என்ன செய்வாரோ!

சபாபதி சாரும் முதல் வாயை மென்றார். மெல்வது நின்றது. அவர் நிமிர்வதற்குள், உள் அறைத் திரைக்குப் பின்னாலிருந்து ராவுத்தரின் மனைவி குரல் கொடுத்தார்.

"உப்பு ஒறப்பு கூடக்கொறைய இருந்தாச் சொல்லச் சொல்லுங்க. நாங்க வாயில வச்சுப் பாக்கல."

சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சொல்வோர் உண்டு. அந்த வீட்டில் அதுவும் கிடையாது.

சபாபதி சார் ஒரு நிமிடம் திரையைப் பார்த்தார். பிறகு, "எல்லாம் சரியா இருக்கும்மா. பிரமாதம்" என்றார்.

பிரமாதம் என்று சொன்னதுதான் தாமதம், ராவுத்தர் அவர் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி தட்டினார். "வெக்கப்படாமச் சாப்பிடுங்க சார்!" சபாபதி சார் தயிர் வெங்காயத்தைக் கூட்டிப் பிசைந்து, பருக்கை விடாமல் சாப்பிட்டார். அவர் சாப்பிடும்போது நான் மட்டும் வைத்துவிட முடியுமா? நானும் தின்றேன். அந்த வீட்டில் அன்றைக்கு நாங்கள் குடித்த தண்ணீருக்கு ஒரு அரைக் குதிரைத்திறன் மோட்டாரே போட்டிருக்கலாம்.

அப்புறம் கடையைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். ராவுத்தர் தன் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாயங்காலம் எங்கிட்டு சார்?" என்று மட்டும் கேட்டார்.

"தேக்கடி ஏரி பாக்கப் போறோம்" என்றேன் நான்.

4. குமுளி

கூடலூரில் ஜீப்பை நிறுத்தி இளநீர். லோயர் கேம்ப்பில் கோலி சோடா. சோடாவைக் குடித்துவிட்டு ஏப்பத்தோடு சபாபதி சார் சொன்னார்:

"நோன்பு இருக்கற வீட்ல நமக்குன்னு அடுப்பு மூட்டியிருக்காங்க. உப்புப் பாக்க ஒரு வாய் இல்ல. அதுல போய் நான் என்னத்தைக் குறை சொல்றது?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. "அப்ப டீலர்ஷிப் சார்?"

"அது வேற, இது வேற சுந்தரம். மனுசன் தங்கம். ஆனா கடை, கடை மாதிரி இல்லையே. தேனிக்காரருக்கே மொத்தமா குடுத்துடலாம்னு பாக்கறேன்."

மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது.

வழியில் ஒதுங்கி நின்று, இருட்டி ரொம்ப நேரம் கழித்துத்தான் நான் கண்டுபிடித்து வைத்திருந்த பாரில் உட்கார்ந்தோம். "கழிக்கான் எந்தா வேண்டே, சாரே?" என்று மலையாளத்தில் சாப்பிட என்ன வேண்டும் என்றுதான் முதலில் கேட்டார் பரிமாறுகிறவர். சபாபதி சார் பிராந்தி சொன்னார். கூடவே ஒரு தட்டு உப்புக்கடலை வந்தது.

"இதை முதல்ல எடுத்துட்டுப் போ!" என்று கத்தினார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை.

கிளாஸில் வாய் வைப்பதற்குள் அதே ஆள் திரும்பி வந்தார். "சாரே, வெளிய ஒரு பாய் நிக்குது. உள்ள வரமாட்டாராம்."

போய்ப் பார்த்தால் ராவுத்தர். வேட்டி முழங்கால் வரை நனைந்து, கையில் ஒரு தூக்குவாளியோடு, பார் போர்டுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்பதைப் பார்க்கவே இல்லை என்று காட்டிக்கொள்கிற மாதிரி. ஏலக்காய் எஸ்டேட் ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டு மலை ஏறி, எங்கள் ஜீப் நிற்பதைப் பார்த்து வந்திருக்கிறார்.

"சார்," என்று ஆரம்பித்தார். "நோன்பு தொறந்துட்டு மதியச் சோத்தைத்தான் எடுத்து வச்சோம். ஒரு வாய் வைக்க முடியல சார். மாமியா ஒரு தரம் உப்புப் போட்டிருக்காக, அது தெரியாம மருமக வந்து இன்னொரு தரம் போட்டிருக்கு. அதையா உங்களுக்குப் போட்டேன்? ரெண்டு கரண்டி சேத்து வேற போட்டேனே! வீட்ல பொம்பளையாளு அழுதுக்கிட்டு ஒக்காந்திருக்காக."

சபாபதி சார் கூச்சத்தில் நெளிந்தார். பின்னால் கதவுக்குள் அவர் கிளாஸ் காத்திருக்கிறது. முன்னால் இந்த மனிதர்.

"பாய், நான்தான் ஒண்ணுமே சொல்லலையே. எதுக்கு இந்த மழையில..."

"நீக சொல்லலேன்னா சரியில்லாதது சரியாயிருமா சார்?"

ராவுத்தர் தூக்குவாளியை நீட்டினார். "நோன்புக் கஞ்சி. பள்ளிவாசல்ல காச்சுனது. எங்க வீட்டு உப்பு இல்ல, பயப்படாமக் குடிங்க."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே போய்ப் பில் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். பக்கத்து டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கடைக்காரரிடம் கிளாஸ் வாங்கிக் கஞ்சியை ஊற்றிக்கொண்டோம், தொட்டுக்கொள்ளப் பருப்பு வடை. மதியம் எங்களோடு உட்கார முடியாத மனிதர், இப்போது உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் கஞ்சிக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக சபாபதி சாரிடமிருந்து ஒரு குறையும் வரவில்லை, பொய்யும் வரவில்லை. என் பேங்க் நண்பர்கள் யாருக்கும் தெரியாத கடை அது.

மலை இறங்கும்போது ராவுத்தர் பின் சீட்டில். சபாபதி சார் என்னிடம் கேட்டார்:

"சுந்தரம், தேனிக்காரர்கிட்ட ஒரு விவசாயி வந்து மோட்டார் காயில் எரிஞ்சு போச்சுன்னா என்ன செய்வார்?"

"மெக்கானிக்கை அனுப்புவார் சார். ஞாபகம் இருந்தா."

"இவரு, நான் வாயே திறக்காத கம்ப்ளைண்டுக்கு மலை ஏறி வந்திருக்கார்." பின்னால் திரும்பினார். "பாய், கம்பம் கடை உங்ககிட்டயே இருக்கும். அந்த சாக்கை மட்டும் எடுத்துட்டு ஒரு ஷெல்ஃப் போடுங்க."

"சார், ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீக?" என்றார் ராவுத்தர்.

"மோர் போதும் பாய். உப்புப் போடாம."

5. பதவி

ஷெல்ஃப் வந்தது. சாக்கு போகவில்லை, ஷெல்ஃபுக்குக் கீழே நகர்ந்தது, அவ்வளவுதான். தேனிக்காரர் என்மேல் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் பேசவில்லை. அதில் எனக்கு நஷ்டமில்லை.

இளைய ரெப்புகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வாடிக்கையாளர் திட்டிக்கொண்டு வந்தால் யார் வேண்டுமானாலும் ஓடுவார்கள். நல்லா இருக்கு என்று சிரித்துக்கொண்டே போனவரின் தட்டையும் ஒரு தரம் நீங்களே ருசி பார்த்துக்கொள்ளுங்கள். நான் முப்பது வருட வேலையில் படித்த பாடம் அது. அதையும் ஹெட் ஆபீஸ் சொல்லித் தரவில்லை.

மறு வருடம் நோன்பு மாதம் தொடங்கியதும் ராவுத்தரிடமிருந்து போன். "மாப்ளே, கோயமுத்தூர்ல இருந்து யாவாரிக ரெண்டு பேரு மதியம் சாப்பிட வாராக. நீக பதினோரு மணிக்கே வந்துருங்க."

"எதுக்கு மாமா? மோட்டார் ஏதும் பார்க்கணுமா?"

"மோட்டாரும் இல்ல கீட்டரும் இல்ல. வீட்ல கூப்புடுறாக."

போனேன். கூடத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்ததும் திரை விலகி, ஒரு சின்னக் கிண்ணம் வெளியே வந்தது. கிண்ணத்தில் ஒரு கரண்டி பிரியாணி, ஆவி பறக்க.

"தம்பி, மெய்யாச் சொல்லணும். பிரமாதம்னு சொன்னா நம்பமாட்டேன்" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல்.

வாயில் போட்டு நிதானமாக மென்றேன். "ஒரு கல்லு குறையுதும்மா" என்றேன்.

உள்ளே இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கம்பெனியில் எனக்கு ஏரியா மாறியது, பதவி மாறியது, கடைசியில் ஓய்வும் கொடுத்தார்கள். நோன்பு மாதத்தில் அந்த நாற்காலியில் மட்டும் எனக்குப் பதிலாக யாரையும் அவர்கள் உட்கார வைக்கவில்லை.